புயல் பருந்தின் நடை

ராக்காயி இப்போது ஜித்ரா டவுனில் இருக்கிறாள். ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். போன மாதம் என்னைப் பார்க்க வந்தவள், காப்பியை வாயில் வைப்பதற்கு முன்னாலேயே, "டிரசரம்மா, எங்கதைய எழுதுறேன்னு சொன்னீங்களே, எழுதுனீங்களா இல்லையா?" என்று பிடித்துக்கொண்டாள். எழுதத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் எழுதினால் அது அவருடைய கதையாகிவிடும். அந்த மனிதருக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

என் வீட்டுக்காரர் கிளாரன்ஸ். அப்போது சுங்கை லாலாங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, காய்ச்சல் என்று வந்தவனுக்கும் கால்வலி என்று வந்தவனுக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர். டிரசர் என்றால் தோட்டத்தில் பாதி டாக்டர். ஆனால் இவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தால் ஊசி இருக்காது, காமிக்ஸ் புத்தகம் இருக்கும். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை! சர்ச் பாதர் வீட்டுக்கு வந்தால் நான் அதையெல்லாம் அள்ளி மெத்தைக்கு அடியில் திணிக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இவர் என்னிடம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் பறக்கும் மனிதர்களைப் பற்றித்தான்.

1979-ல் எங்கள் துரை வேலையை விட்டு ஊருக்குப் போனார். துரைமார் போகும்போது பங்களாச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பது வழக்கம். நான் ஒரு கரண்டு இஸ்திரிப் பெட்டி வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். இவர் ஒரு சினிமா கேமராவையும் படம் காட்டும் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தார். கைக்குள் அடங்கும் கேமரா. அதில் போடும் ஒரு பெட்டி பிலிம் மூன்றே நிமிஷம் ஓடும். எடுத்ததைக் கழுவ வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், திரும்பிவர இரண்டு மாதம் ஆகும், சத்தமும் வராது. "இத வெச்சிக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்றேன். "ஜோசபின், நான் படம் எடுக்கப் போறேன்" என்றார். அன்றைக்கும் நான் கரிப் பெட்டியால்தான் துணி தேய்த்தேன்.

படத்தின் பெயர் 'புயல் பருந்து'. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற சாதாரணத் தொழிலாளி ஒருவன், அநியாயம் நடந்தால் முகமூடி மாட்டிக்கொண்டு பருந்தாகிவிடுவான். வில்லன் பெயர் டாக்டர் அமிலம். தோட்டத்துப் பாலிலெல்லாம் அமிலம் ஊற்றிக் கெட்டியாக்கி நாட்டையே கவிழ்க்கப் பார்ப்பவன். பால் ஸ்டோரில் தினமும் நடப்பதே அதுதானே, அமிலம் ஊற்றித்தானே ரப்பர் ஷீட்டு அடிக்கிறார்கள், அதில் எப்படி நாடு கவிழும் என்று கேட்டேன். "அது காமிக்ஸ் சட்டம், உனக்குப் புரியாது" என்றார்.

காமிக்ஸ் சட்டத்துக்கென்று ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தார். வீரனுக்கு முகமூடி வேண்டும். முதுகில் பறக்கிற மாதிரி ஒரு போர்வை வேண்டும். வில்லன் கொல்வதற்கு முன்னால் தன் திட்டத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்ததும் வீரன் நமக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்க்காமல் நடந்து போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. கடைசிச் சட்டத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

டாக்டர் அமிலமாக நடிக்க ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஹெர்பர்ட் தானாகவே வந்தார். பேசாத படம் என்று தெரிந்தும் ஆங்கிலத்தில் மூன்று பக்க வசனம் எழுதி மனப்பாடம் செய்தார். பருந்தாக நடிக்க டிராக்டர் ஓட்டும் அழகேசன். பார்க்க லட்சணமான பையன், பெடோங் பசாருக்குப் போனால் கடைக்காரிகள் இரண்டு வெங்காயம் கூடப் போடுவார்கள். ஒரே ஒரு குறைதான். அவனுக்கு உயரம் என்றால் பயம். பாம்பு என்றால் பயம், அட்டை என்றால் பயம், வாத்து என்றாலும் பயம். இது தெரியாமல் நான் என் பழைய கறுப்புக் குடைத் துணியைப் பிரித்து அவனுக்குப் போர்வை தைத்துக் கொடுத்தேன்.

முகமூடியில்தான் முதல் கூத்து. சினிமாவில் முகமூடியை ரப்பர் பாலில்தான் செய்கிறார்கள் என்று இவர் எங்கேயோ படித்துவிட்டார். பாலுக்கா நமக்குப் பஞ்சம்! ஒரு குவளை வாங்கிவந்து அழகேசனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணைச் சுற்றிப் பூசி, விசிறியால் விசிறிக் காயவைத்து, ஒரே இழுப்பாக இழுத்தார். முகமூடி அருமையாக வந்தது. கூடவே அழகேசனுடைய இரண்டு புருவமும் வந்தன. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் மூன்று நாளாக எழுந்திருக்காத கிழவர் எழுந்து ஓடிவிட்டார். மருந்து வாங்க வந்து வாசலில் நின்ற ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ டிரசரய்யா, பால் காஞ்சா மயிரையும் புடுங்கிக்கிட்டு வரும்னு பால்வெட்டுற எங்களக் கேட்டா சொல்லமாட்டோமா? தேங்காயெண்ண தடவிட்டுல்ல பூசணும்!"

அவள்தான் ராக்காயி. அப்போது இருபத்தெட்டு வயது. தாயில்லாத பெண், அப்பா பழனியாண்டியோடு தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு. நல்ல உயரம், நல்ல கறுப்பு. மேட்டு மரங்களின் நிரையில் பால்வெட்டுவாள், காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கினால் பின்னால் வருகிற ஆண்கள் ஓட வேண்டியிருக்கும். பத்து வயதில் ஆரம்பித்த சுமை, அதனால் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், இடது கால் வெளிப்பக்கமாக ஒரு வீச்சு வீசும். அதைவிட வாய். தப்பு என்று பட்டால் வேலை வாங்கும் மண்டோர், கிராணி என்று பார்க்கமாட்டாள். இந்த உயரத்தாலும் வாயாலும் மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பழனியாண்டி அதிலேயே பாதியாக இளைத்துவிட்டார்.

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாவது டிவிஷனில் நடந்தது. ஜனங்கள் பசாருக்குப் போயிருப்பார்கள், ஆள் நடமாட்டம் இருக்காது. இரண்டாம் ஞாயிறு முக்கியமான காட்சி. பருந்து தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து வில்லனுடைய வண்டியில் குதிக்க வேண்டும். இரும்புக் கால் வைத்த தொட்டி, பதினைந்து அடி இருக்கும். கீழே டிராக்டர் டிரெய்லரில் லாலான் புல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். அழகேசன் ஏணியில் நாலு படி ஏறினான். அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஹெர்பர்ட் கீழே நின்று ஆங்கிலத்தில் திட்டினார். என் வீட்டுக்காரர் காமிக்ஸ் வீரர்களைப் பற்றிச் சொல்லி உற்சாகப்படுத்தினார். நான் கொண்டுபோன சோறு ஆறிப்போனது. முக்கால் மணி நேரம்!

அந்த வழியாக மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்த ராக்காயி நின்று பார்த்தாள். "என்னா லா இது, பூனைய மரத்துல ஏத்திவுட்ட மாதிரி?" என்றாள். விஷயத்தைச் சொன்னோம். "இதுக்கா இவ்ளோ சூசா, இவ்ளோ பாடு?" என்று புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அழகேசனைத் தாண்டி ஏணியில் ஏறி, தொட்டி விளிம்பில் நின்றாள். ஒரு தடவை கீழே பார்த்தாள். குதித்துவிட்டாள். புல்லிலிருந்து எழுந்து தலையைத் தட்டிக்கொண்டு, "இவ்ளோதான?" என்றாள். நான் போட்ட சிலுவையை முடிக்கக்கூட நேரமில்லை.

இவர் அவள் காலில் விழாத குறை. முகமூடி போட்ட இடத்திலெல்லாம் நீயே நடி, முகமூடி இல்லாத இடத்தில் அழகேசன் நிற்கட்டும் என்று கெஞ்சினார். அவள் யோசித்தாள். பாலிங்கிலிருந்து நாலாவதாக ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை இருளப்பன் அங்கே ஒரு புகைக்கூண்டில் ஷீட்டு உலர்த்துகிறவர், நல்ல பிள்ளை என்று கேள்வி. பெண் கால்சட்டை மாட்டிக்கொண்டு தொட்டியிலிருந்து குதிக்கிறாள் என்று தெரிந்தால் அவ்வளவுதான். "எங்கப்பாவுக்கே தெரியக் கூடாது. நான்தான்னு யாருக்காச்சும் தெரிஞ்சிச்சி, அந்தக் கேமராவ ஆத்துல தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள். இவர் சந்தோஷத்தில் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். "சட்டமே அதுதான், ராக்காயி!"

அதற்குப் பிறகு இவருக்கு நிம்மதி போனது. அவள் கேள்வி கேட்டே கொன்றுவிட்டாள்.

"டிரசரய்யா, கண்ண மட்டும் மறைச்சா ஆளு தெரியாமப் போயிடுமா? நாங்க கோணிய போத்திக்கிட்டு நின்னாலும் அய்யாவு மண்டோரு காலையில ஆளெடுக்குற பெரட்டுல பேரச் சொல்லிக் கூப்புடுறாரு."

"அது சட்டம்."

"சரி, இந்தப் பொஸ்தகத்துல இருக்கறவரு ஜட்டிய எதுக்கு வெளிய போட்டிருக்காரு?"

"அது ஜட்டி இல்ல. அது உடை."

"அவசரத்துல மாத்திப் போட்டுட்டாரு போல. பாவம், ஒருத்தரும் எடுத்துச் சொல்லல." அப்புறம் பக்கத்தைப் புரட்டினாள். "தெனம் சண்ட போடுறாரே, இந்தத் துணிய யாரு தொவைக்கிறது? கொடியில காயப்போட்டா அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சிடாதா?"

இந்தக் கேள்வி இவர் மண்டைக்குள் புகுந்துகொண்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஊசி போடும்போது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒருவேளை ராத்திரில தொவைப்பானோ?" என்று நோயாளியிடம் கேட்டாராம்.

ஹெர்பர்ட் கிராணியின் காட்சியை எடுத்தபோது நானே பக்கத்தில் இருந்தேன். கட்டிப்போட்ட பருந்தின் முன்னால் நின்று டாக்டர் அமிலம் தன் திட்டத்தைச் சொல்ல வேண்டும். ஹெர்பர்ட் கையை ஆட்டி ஆட்டி ஆங்கில வசனத்தைப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ராக்காயி கயிற்றைத் தானே உருவிப்போட்டு எழுந்து அவரைப் பால் தொட்டிக்குள் தள்ளிவிட்டாள். "கிராணியய்யா, மூனு நிமிசப் பிலிமு, தீந்திடும் லா! கொல்ல வந்த ஆளு கொல்லணும். நின்னு பேசிக்கிட்டு இருந்தா யாரு சும்மா இருப்பா?" ஹெர்பர்ட் பாலில் நனைந்து எழுந்து நின்றது படத்திலேயே நல்ல காட்சி. அவர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தக் குதிப்பை உடையோடு எடுத்தார்கள். குடைத் துணி காற்றில் விரிந்தது. அழகேசனுக்கே வாய் பிளந்துவிட்டது. உடையைக் கழற்றிக் கொடுக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள். "டிரசரம்மா, நான் குதிச்சது படத்துல நல்லாத் தெரியுமா?"

"உன் மூஞ்சி தெரியாதே."

"மூஞ்சி கெடக்குது. குதிச்சது தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே புல் அறுக்கப் போனாள். எனக்கு ஏனோ கஷ்டமாக இருந்தது.

பிலிம் கழுவி வந்தது. மொத்தம் பதினெட்டு நிமிஷப் படம். 1980 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆயாக் கொட்டகையில், அதாவது பால்வெட்டப் போகிறவர்கள் கைக்குழந்தையை விட்டுப்போகிற கொட்டகையில், காட்டுவதாக ஏற்பாடு. வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டினார்கள். திரைக்கு என் படுக்கை விரிப்பு. எஞ்சின் கரண்டு ஞாயிறு மதியம் கிடையாது, அன்றைக்கு மட்டும் ஹெர்பர்ட் மனமிரங்கி ஐந்து மணி வரைக்கும் ஓடவிட்டார். உள்ளே இருநூறு பேர், மூத்திர வாடை, முறுக்கு வாடை, ஆவியில் வேகிற சூடு.

அந்த ஞாயிறே பாலிங்குக்காரர்கள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னவர்கள், வாடகை டாக்சி கிடைத்ததாம், ஏறி வந்துவிட்டார்கள். இருளப்பனும் அவர் அம்மா பிச்சையம்மாளும். பிச்சையம்மாள் முப்பது வருஷம் பால்வெட்டி ஓய்ந்தவர், கண் மட்டும் கழுகுக் கண். ராக்காயி என் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். வாயையே திறக்கவில்லை. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தாம்பூலம் சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. பழனியாண்டி முகத்தில் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ரத்தம் ஓடியது. அந்த நேரம் பார்த்து வெளியே பையன்கள், "புயல் பருந்து! மூனு மணிக்கு!" என்று தகரத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். "படமா? நல்லதாப் போச்சி, பாத்துட்டே போவோம்" என்றார் பிச்சையம்மாள்.

ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். "மூஞ்சிதான் தெரியாதே, ஜோசபின்! எதுக்குப் பயப்படுற? சட்டம் இருக்கு" என்றார். அந்த நோட்டுப் புத்தகத்தை அடுப்பில் போட்டிருக்க வேண்டும், நான் போடவில்லை, என் தப்பு.

முன்வரிசையில் இருளப்பனும் பழனியாண்டியும். அதற்குப் பின்னால் பிச்சையம்மாள், நடுவில் ராக்காயி, இந்தப் பக்கம் நான். மெஷின் கடகடவென்று ஓடியது. முதலில் ஆஸ்பத்திரிக் கரும்பலகை வந்தது, அதில் சாக்குக்கட்டியால் 'புயல் பருந்து. கதை, படம், உடை, எல்லாம் கிளாரன்ஸ்' என்று எழுதியிருந்தது. உடை கிளாரன்ஸாம்! ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனிதர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பருந்தாக நடிப்பவர், நமது அழகேசன்!" என்று முழங்கினார். கைதட்டல். அழகேசன் எழுந்து கும்பிட்டான். நான் வரைந்துவிட்ட மைப்புருவம் வேர்வையில் கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

முதல் சண்டை முடிந்தது. சட்டப்படி பருந்து எங்களுக்கு முதுகைக் காட்டி, திரும்பிப் பார்க்காமல், ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போனது. வலது தோள் இறங்கி, இடது கால் வெளியே வீசி.

இருநூறு தலையும் ஒரே நேரத்தில் முன்னால் நீண்டன.

இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. நானும் இவரும் ஹெர்பர்ட்டும் ஸ்டாப் குவார்ட்டர்ஸ்காரர்கள், ஏழு மணிக்கு எழுந்திருக்கிறவர்கள். அந்த ஜனங்களோ தினமும் விடியற்காலை இருட்டில், முகம் தெரியாத இருட்டில், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நிரைக்கு நடந்து போகிறவர்கள். அவர்களுக்கு ஆள் அடையாளமே முதுகுதான். பதினெட்டு வருஷமாகப் பார்த்த நடை. முகத்தை மூடி, போர்வையைப் போர்த்தி, காட்டக் கூடாத ஒன்றையே இவர் ஐந்து தடவை காட்டி வைத்திருந்தார்.

"ஏ, இது நம்ம ராக்..." என்று எழுந்தார் அய்யாவு மண்டோர். அவர் மனைவி காளியம்மா கையிலிருந்த முறுக்கை அப்படியே அவர் வாயில் அடைத்தாள். அவள் கண் பாலிங்குக்காரர்களிடம் போனது, எல்லார் கண்ணும் போனது. காளியம்மாதான் ஆரம்பித்தாள். "அடேங்கப்பா, அழகேசன் என்னா நடை நடக்குறான் லா!"

அவ்வளவுதான், கூரை அதிர்ந்தது. "அழகேசா! சிங்கம்டா!" "அழகேசன் நடையே தனி!" டாக்டர் அமிலம் பாலில் விழுந்தபோது, "போடு அழகேசா!" என்று இருநூறு பேரும் எழுந்துவிட்டார்கள். வாத்துக்குப் பயப்படுகிற பையனை அன்றைக்கு அவர்கள் புகழ்ந்த மாதிரி யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பழனியாண்டிக்கும் தெரிந்துவிட்டது. பெற்றவருக்குத் தெரியாதா? எல்லாரையும் விட அவர்தான் உரக்கக் கத்தினார். மகள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. காமிக்ஸில் வருகிற அந்த ஊர்க்காரர்களுக்கும் எல்லாம் தெரியும். கண்ணை மறைத்தால் ஆள் தெரியாமல் போவதற்கு அவர்கள் என்ன முட்டாள்களா? பாவம் என்று வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. பருந்து விளிம்பில் நின்றது. குடைத் துணி படபடத்தது. குதித்தது. "அழகேசா! அழகேசா! அழகேசா!" என்று கொட்டகையே கூத்தாடியது. யாரோ அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவன் அந்த உயரத்துக்கே பயந்து கண்ணை மூடிக்கொண்டான்.

என் பக்கத்தில் ராக்காயி குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள். மூக்கு விடைத்தது. எனக்கு அந்த மூக்கைத் தெரியும். "வேணாம்டி, உக்காரு, சாயங்காலம் தாம்பூலம்" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். என் சேலைதான், கிழிந்தாலும் பரவாயில்லை என்று இழுத்தேன். அவள் எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க லா! குதிச்சது நானு!"

அழகேசனைத் தூக்கியவர்கள் அவனைக் கீழே இறக்கிவிட்டார்கள். அப்புறம் எல்லாரும் அவள் மேல் பாய்ந்தார்கள். "பாவி மவளே, தெரியாமலா கத்துறோம்? தொண்டத் தண்ணி வத்தக் கத்துனது யாருக்காவ?" என்று காளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்கு நடையப் பாத்ததுமே தெரியும்!" என்றார் அய்யாவு, முறுக்கை விழுங்கிவிட்டு. இருநூறு பேருக்கும் முதலிலேயே தெரியுமாம்.

பிச்சையம்மாள் அசையவே இல்லை. "எனக்குந்தான் தெரியும்" என்றார் மெதுவாக. "காப்பி கொண்டாந்தப்பவே நடையப் பாத்தேன். நானும் காண்டா தூக்குனவதான். குதிச்சது பெரிசில்ல, தாயி. நீ பேசாம இருந்திருந்தா நாங்களும் தெரியாத மாதிரியே தாம்பூலத்த மாத்திட்டுப் போயிருப்போம். இப்பிடி ஊருக்கு முன்னால சொல்லிட்டியே. நான் பாலிங்கு போயி என்னான்னு சொல்றது?"

"குதிச்சது நான்தான்னு சொல்லுங்க" என்றாள் ராக்காயி. "தப்பா நெனைக்காதீங்கத்தே. எனக்கும் ஆசதான். ஆனா அது நான் குதிச்சதுங்க. சொல்லாம வுட்டா அழகேசனுக்குல்ல போயிடும்."

பிச்சையம்மாள் எழுந்து மகனைக் கூப்பிட்டார். இருளப்பன் போனார். போகும்போது வாசலில் நின்று திரையை ஒரு தடவை பார்த்தார், ராக்காயியை ஒரு தடவை பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார். அவர் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். டாக்சிக் கதவு சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அந்த மனிதர் பிறகு வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபம் உண்டு.

கொட்டகையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழனியாண்டி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாலாவது சம்பந்தம். ராக்காயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெஷினிடம் போனாள்.

"டிரசரய்யா, மறுபடி போடுங்க. எம்பேரச் சொல்லிப் போடுங்க."

"அது வந்து, ராக்காயி, காமிக்ஸ் சட்டப்படி வீரன் பேர..."

"யோவ், போடுய்யா!" என்றேன் நான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இவரை 'யோவ்' என்றது அன்றைக்குத்தான். பதறிப்போய்ப் படத்தைத் திருப்பிச் சுற்றினார். கரும்பலகை வந்ததும் மைக்கில், "பருந்தாக நடிப்பவர், பழனியாண்டி மகள் ராக்காயி" என்றார். என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "உடை, என் மனைவி ஜோசபின்" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. இருநூறு பேரும் அமைதியாக அந்த நடையைப் பார்த்தார்கள். ராக்காயி முன்வரிசைக்குப் போய் அப்பா பக்கத்தில் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. திரையை மட்டும் நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவை கத்துகிற அவசரத்தில் அவர் படத்தையே சரியாகப் பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. பருந்து ஏணியில் ஏறியது, விளிம்புக்கு வந்தது, கீழே பார்த்தது. பழனியாண்டி பெஞ்சை இடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏ தாயி! எறங்கு! காத்தடிக்குது, எறங்கிடு ஆத்தா! டேய் அழகேசா, வண்டியக் கிட்ட கொண்டாடா!"

"அப்பா" என்று ராக்காயி அவர் கையைப் பிடித்தாள். "நான் இங்கதான்ப்பா இருக்கேன்."

"நீ சும்மா இரு" என்று அவர் கையை உதறினார். திரையில் அவள் குதித்து முடித்துப் புல்லிலிருந்து எழுந்து நிற்கிற வரைக்கும் அவர் உட்காரவில்லை.